முதலில் வாசலைப் பாருங்கள்: கரிமக் குறைகடத்திகள் பற்றிக் கேள்வி பதில்

ஓஎல்இடி திரைகளுக்குள் இருக்கும் கரிமக் குறைகடத்திப் படலங்களை, அதாவது ஓரளவு மின்சாரம் கடத்தும் கார்பன் சேர்மங்களின் மெல்லிய பூச்சுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். சிங்கப்பூரில் பதினோரு வருடமாக இந்தப் படலங்களைப் பூசி, அளந்து வருகிறேன். யார் கேட்டாலும் சந்தோஷமாகப் பேசுவேன்.

உட்லண்ட்ஸ், தொடக்கக்கல்லூரி மாணவி: அக்கா, பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதானே படித்தோம்?

சாதாரண பிளாஸ்டிக் கடத்தாது, சரிதான். ஆனால் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் கார்பன் சங்கிலியில் சில எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. 1977இல் ஷிராகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீனில் அயோடின் ஏற்றி அதை நன்றாகக் கடத்த வைத்தார்கள். 2000இல் அதற்கு வேதியியல் நோபல் கிடைத்தது. 1987இல் கோடாக் நிறுவனத்தில் டாங்கும் வான் ஸ்லைக்கும் இரண்டு மெல்லிய கரிமப் படலங்களை அடுக்கி, 10 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்தே ஒளிர வைத்தார்கள். இன்றைய திரைகளுக்கு வழி அங்கேதான் திறந்தது.

அதே மாணவி: சூடானால் மின்தடை கூடுமா?

உலோகத்தில் கூடும். இங்கே பெரும்பாலும் குறையும். சிலிக்கான் படிகத்தில் எலக்ட்ரான் விரைவுச்சாலையில் போவதுபோல் ஓடுகிறது. ஒழுங்கில்லாத கரிமப் படலத்திலோ அது பாண்டி ஆடுகிறது, ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்கு நொண்டியடித்துத்தான் போக வேண்டும். கட்டங்கள் ஒரே மட்டத்திலும் இல்லை. அவற்றின் ஆற்றல் ஏறக்குறைய 0.1 எலக்ட்ரான்-வோல்ட் அளவுக்குச் சிதறிக் கிடக்கிறது. அறை வெப்பத்தில் கிடைக்கும் உந்துதலோ 0.025தான். சூடு கூடினால் தாவல் எளிதாகிறது.

சிம் லிம் ஸ்கொயர் பக்கம் கைப்பேசி பழுது பார்ப்பவர்: விரிசல் விழுந்த ஓஎல்இடி திரையில் கறுப்புத் திட்டு வந்து, நாளாக ஆகப் பெரிதாகிறது. ஏன்?

அண்ணே, இது நல்ல கேள்வி. திரையின் காப்பு உடைந்ததும் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போகிறது. படலத்துக்குள் எலக்ட்ரானை அனுப்பும் எதிர்மின்வாய், எலக்ட்ரானை எளிதில் கொடுக்கும் உலோகத்தால் ஆனது. அதனால்தான் ஆக்சிஜனும் நீராவியும் அதை எளிதில் கெடுக்கின்றன. உலோகம் ஆக்சைடாகிறது, சில இடங்களில் படலத்தை விட்டே பிரிகிறது. அங்கே எலக்ட்ரான் நுழைய வழியில்லை, அதனால் ஒளியும் இல்லை. திட்டுக்குக் கீழே இருக்கும் கரிமப் பொருள் பல நேரம் நன்றாகவே இருக்கும். வாசல்தான் அடைபட்டிருக்கும். ஒட்டினாலும் திரும்பாது, பேனலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கென்ட் ரிட்ஜ், இறுதியாண்டு மாணவர்: அக்கா, பி3எச்டி படலத்தில் துளைகளின் நகர்திறனை அளந்தேன். மோட்–கர்னி சூத்திரத்தில் போட்டால் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வருகிறது. பொருள் மோசமா?

மற்றவர்களுக்காக ஒரு வரி: பி3எச்டி ஒரு கரிமக் குறைகடத்திப் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு). துளை என்பது எலக்ட்ரான் இல்லாத இடம், அது நேர்மின்னூட்டம்போல் நகரும். அது எவ்வளவு எளிதில் நகர்கிறது என்பதே நகர்திறன், மின்னோட்டத்தை அளந்து அதைக் கணக்கிட உதவுவது மோட்–கர்னி சூத்திரம். தம்பி, பொருளைக் குறை சொல்வதற்கு முன்னால் வாசலை, அதாவது மின்வாயைப் பாருங்கள். மின்வாய் தாராளமாகத் துளைகளைக் கொடுத்து, படலத்துக்குள் சேரும் மின்னூட்டமே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும்போதுதான் அந்தச் சூத்திரம் செல்லும். மின்வாயே கஞ்சத்தனம் காட்டினால், நீங்கள் அளந்தது அந்தத் தடுப்பை. அதை நகர்திறன் என்று எழுதிவிடாதீர்கள்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மூன்று வெவ்வேறு தடிமனில் படலம் செய்யுங்கள். இரு மின்வாய்களும் வேறானதால் தானாக எழும் உள்ளமைந்த மின்னழுத்தத்தைக் கழித்துவிட்டு, ஒரே மின்னழுத்தத்தில் ஒப்பிடுங்கள். தடிமன் இரட்டிப்பானால் மின்னோட்டம் எட்டில் ஒரு பங்காக வேண்டும். அப்படி விழவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் மின்வாயில்தான். ஒளிபுகும் மின்வாயான ஐடிஓவின் தொடர்தடையையும் கழிக்க மறக்காதீர்கள்.

மின்வாயாகத் தங்கம் போட்டிருந்தால், அதன் வெளியேற்று ஆற்றல் (ஓர் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) என்று புத்தகத்தில் உள்ள 5.1 எலக்ட்ரான்-வோல்ட்டை அப்படியே நம்ப வேண்டாம். உலோகப் பரப்புக்கு வெளியே எலக்ட்ரான் மேகம் கொஞ்சம் வழிந்து நிற்கும். மேலே கரிம மூலக்கூறு வந்து உட்கார்ந்ததும் அது உள்ளே தள்ளப்படுகிறது. அதனாலேயே வெளியேற்று ஆற்றல் அரை எலக்ட்ரான்-வோல்ட்டுக்கு மேல்கூட இறங்கும். அந்த இறக்கம் அவ்வளவும், துளை படலத்துக்குள் நுழைய ஏற வேண்டிய மேடு.

நான் பட்டதையும் சொல்கிறேன். ஒரு நாள் ஐடிஓ தட்டுகளை ஓசோனில் சுத்தம் செய்து மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அவற்றின் மேல் பூசிய டயோடுகளில் மின்னோட்டம், உடனே பூசியவற்றில் பத்தில் ஒரு பங்குதான். புட்டியும் கரைசலும் ஒன்றே. காற்றில் இருந்த நேரம் மட்டும் வேறு. அன்றிலிருந்து சுத்தம் செய்த நேரத்தைத் தட்டின் பெட்டியிலேயே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

புங்கோல், பொறியாளர்: இந்த வாசல் சிக்கலுக்குச் சிங்கப்பூரில் யாராவது தீர்வு கண்டிருக்கிறார்களா?

கண்டிருக்கிறார்கள், எனக்கு அதில் பெருமையும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்களோடு சேர்ந்து, 2016இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டது. பாலிமரில் மின்னூட்டம் ஏற்றும்போது கூடவே எதிர் அயனியும் வரும். அது நகர்ந்துபோனால் பக்கத்துப் படலம் கெடும். இவர்கள் அந்த அயனியைச் சங்கிலியிலேயே பிணைத்துவிட்டார்கள். 3.0 முதல் 5.8 எலக்ட்ரான்-வோல்ட் வரை வெளியேற்று ஆற்றல் உள்ள படலங்கள் இப்படிக் கிடைத்தன. குறைந்த மதிப்பு எலக்ட்ரானுக்கு வாசல் திறக்கும், உயர்ந்த மதிப்பு துளைக்கு. எலக்ட்ரானை எளிதில் கொடுக்கும் உலோகமான கால்சியத்தின் மதிப்பு 2.9தான். கால்சியத்தை நம் காற்றில் வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்று பழுது பார்க்கும் அண்ணனுக்கு இப்போது தெரியும்.