ராணுவத்தில் இருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டால் வாழ்க்கை எப்படி இருக்கும்?

"மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார். வருடத்தில் பாதி நாள்கூடச் சேர்ந்திருக்க முடியாது என்கிறார்கள். காத்திருந்தே காலம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படி வாழவில்லை. வாழ்ந்தவர் மடியில் வளர்ந்தவள். அதனால் எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் பனங்காடு, இன்னொரு பக்கம் நடந்தால் கடல். வானம் பார்த்த பூமி என்பதால் ராமநாதபுரம் சீமையில் ஊருக்கு நாலு பேராவது பட்டாளத்துக்குப் போனவர்கள் இருப்பார்கள். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 1955இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். 1957இல் கல்யாணம். 1979இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். இடையில் இருந்த 22 வருடத்தில் அப்பத்தா அவரோடு ஒரே வீட்டில் இருந்தது, லீவு நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஆறு வருடம் தேறாது.

"இவ்வளவு வருசம் எப்படி அப்பத்தா காத்துக்கிட்டு இருந்த?" என்று ஒருமுறை கேட்டேன். "காத்துக்கிடக்க எனக்கு எங்கத்தா நேரம்?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். நினைத்துப் பார்த்தால் அந்தக் கோபம் நியாயம். கோடையில் ஊருணி வற்றிவிடும். விடியும் முன்னே எழுந்து, ஊருணிக்குள் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்ப வேண்டும். மூன்று பிள்ளைகள், மாமியார், கல்யாணமாகாத இரண்டு கொழுந்தனார்கள். மணியார்டர் வரும், ஆனால் அது மட்டும் போதாது. குருத்தோலையைக் காயவைத்து, வாரி, ஈரத்துணியில் சுற்றி வைத்து இரவெல்லாம் பெட்டி முடைவார். ஓலையைப் பார்க்கவே மாட்டார். பேசிக்கொண்டே இருப்பார், விரல் தானாகப் போகும்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐயாவின் கடிதங்களைப் பக்கத்து வீட்டு வாத்தியார்தான் வாசித்துச் சொல்வார். பட்டாளத்து விலாசத்தில் ஊர் பெயர் இருக்காது. நம்பர், பெயர், பட்டாலியன், 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று முடிந்துவிடும். புருஷன் எந்த மலையில், எந்தப் பனியில் இருக்கிறார் என்பது தெரியாமலேதான் பல மாதங்கள் போகும். ஆனால் முதல் லீவில் ஐயா விட்டுப்போன கறுப்பு டிரங்குப் பெட்டியில் அவருடைய ஏழு இலக்க நம்பர் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. அதன் மேல் விரலை ஓட்டி ஓட்டியே அப்பத்தா அந்த ஏழு எண்களை எழுதக் கற்றுக்கொண்டார். வேறு எதையும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது, பாம்பன் பாலமும் உடைந்தது. எங்கள் ஊரில் கூரைகளும் பனைகளும் போனதோடு சரி. ஆனால் வடக்கே இருந்த ஐயாவின் காதில் விழுந்தது, ராமநாதபுரம் கடற்கரையில் பெரிய சேதம் என்கிற செய்தி மட்டும்தான். அவர் என்ன பாடு படுவாரோ என்று அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை. கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, தந்தி கொடுக்க சாயல்குடிக்கு நடந்தார். கம்பி சரியாகவில்லை என்று இரண்டு நாள் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் விலாசம் கேட்டபோது, குனிந்து வாசல் மண்ணில் குச்சியால் அந்த நம்பரை எழுதினார். மீதியை வாயால் சொன்னார்.

தந்தி என்றாலே சாவுச் சேதி என்று நினைத்த காலம். அது கைக்கு வந்ததும் ஐயாவால் பிரிக்க முடியவில்லையாம். கூட இருந்தவர்தான் பிரித்து வாசித்திருக்கிறார். 'எல்லோரும் சுகம்' என்று ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை. இதைச் சொல்லும்போது 70 வயதிலும் ஐயாவுக்குக் குரல் உடையும். 1962, 1965, 1971 என்று மூன்று போர்க் காலத்தைப் பார்த்தவர். அதையெல்லாம் பெரிதாகப் பேசமாட்டார், இந்தத் தந்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

நடுவில் இரண்டு வருடம் நீலகிரி வெலிங்டனில் குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. உப்புக் காற்றில் வளர்ந்தவர் அங்கே புல்லின் மேல் உறைபனியைத் தொட்டுப் பார்த்தாராம். அப்போது வாங்கிய மெரூன் ஸ்வெட்டரை எங்கள் ஊர் மார்கழியிலும் விடாமல் போட்டுக்கொள்வார். அந்த இரண்டு வருடம் பற்றிக் கேட்டால் மட்டும் முகமே மாறும்.

ஐயா 2006இல் காலமானார். குடும்ப ஓய்வூதியம் வந்தது. 80 வயது நிறைந்தால் அதில் அடிப்படைத் தொகைக்கு 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது விதி. 2018இல் அப்பத்தாவுக்கு 80 ஆனது, பணம் கூடவில்லை. ஓய்வூதிய ஆணையில் அவருடைய பிறந்த தேதியே இல்லை, பெயரும் ஆதாரில் ஒரு மாதிரி, ஐயா ஓய்வு பெற்றபோது பட்டாளத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரி. வங்கியில் ஒருவர், "பாட்டி, உங்களுக்கு 80 ஆனதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உயிர்ச் சான்றுக்குக் கைரேகை வைத்தால் மெஷின் ஏற்காது, ஓலை தேய்த்த விரல் அது. கண்ணைக் காட்டித்தான் பதிவு செய்தோம்.

ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்து, ரெஜிமெண்ட் ஆட்களின் ஆவணங்களை வைத்திருக்கும் வெலிங்டன் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதினோம். நம்பர் கேட்டபோது நான் பையில் காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், அப்பத்தா ஏழு எண்களையும் கடகடவென்று சொல்லிவிட்டார். அந்த அலுவலர் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் ஆனாலும் அந்தக் கூடுதல் பணம் நிலுவையோடு வந்து சேர்ந்தது. 2024 வரை, 86 வயது வரை இருந்தார். பேரப்பிள்ளைகள் ஏழு பேரில் யார் பீஸ் கட்ட முடியாமல் நின்றாலும் முதலில் அவிழ்ந்தது அவர் முந்தானை முடிச்சுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது வீடியோ கால் இருக்கிறது, தந்தி 2013இலேயே நின்றுபோனது. பிரிவு கொஞ்சம் லேசாகியிருக்கலாம். ஆனால் அவர் இல்லாத நாளில் வீட்டை நடத்தப்போவது நீங்கள்தான். அதனால் கல்யாணம் முடிந்த கையோடு, முதல் லீவு முடிந்து அவர் திரும்பும்போதே திருமணத்தை ராணுவப் பதிவேட்டில் பதிய வையுங்கள். பார்ட் டூ ஆர்டர் என்று சொல்வார்கள், அவருக்குத் தெரியும். உங்கள் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் அதிலும் ஆதாரிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவரிடம் விட்டுவிடாதீர்கள். பிள்ளை பிறந்தாலும் இதே வேலைதான். அப்புறம், அவருடைய நம்பரைக் கேட்டு இப்போதே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.