வாசலுக்கு எடுத்துக் கழுவிய கார் மறுநாள் காலை ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

தேவிகுளத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கொச்சியில் இருந்து பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்திருக்கிறார். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் உண்டு, ஆட்டோமேட்டிக் கியர். சனிக்கிழமை சாயங்காலம் செட்டில் இருந்து வாசலுக்கு எடுத்து, கழுவிவிட்டு, திரும்ப உள்ளே விட்டிருக்கிறார். ஞாயிறு காலை வெளியே 3 டிகிரி. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாகவே சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. "அண்ணே, குளிரில் சூப்பர்சார்ஜர் இறுகிப்போச்சா? இங்க எல்லாரும் இறக்கத்துல உருட்டிவிடச் சொல்றாங்க" என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். உருட்டவே வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டி உருட்டினால் ஸ்டார்ட் ஆகாது, அதோடு எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். உங்கள் ஊர் வளைவுகளில் அப்படி ஒரு வண்டியில் உட்கார்ந்து இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. எஸ்டேட் ஜீப்பை உருட்டி எடுத்த பழக்கத்தில் சொல்கிறார்கள், இந்தக் காருக்கு அது பொருந்தாது.

சூப்பர்சார்ஜர் இறுகவும் இல்லை. டர்போ புகையின் வேகத்தில் சுற்றும், சூப்பர்சார்ஜர் அப்படி இல்லை, கிராங்க்கில் இருந்து வரும் பெல்ட்தான் அதைச் சுற்றுகிறது. அது இறுகியிருந்தால் செல்ஃப் திணறியிருக்கும், இல்லை பெல்ட் வழுக்கிக் கீச்சிட்டு ரப்பர் வாடை வந்திருக்கும். உங்களுக்கு நடந்தது நேர் எதிர். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது. செல்ஃப் 'உர்ர்... உர்ர்' என்று இழுத்தால் பேட்டரியைப் பாருங்கள். தடையே இல்லாமல் 'சர்ர்' என்று ஓடினால் சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் நெருக்கும் காற்றின் அழுத்தம், நிற்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்றால், குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தேவைக்கு மேலே பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும். பழைய வண்டிகளில் சோக் இழுத்தது இதற்குத்தான். வண்டி ரோட்டில் பத்து நிமிஷம் ஓடி எஞ்சின் சூடாகிவிட்டால் அந்த அதிகப்படி பெட்ரோல் எரிந்தும் ஆவியாகியும் போய்விடும். நீங்கள் ஒரு நிமிஷத்தில் அணைத்துவிட்டீர்கள், கழுவிய பிறகு இன்னொரு முறை ஸ்டார்ட் செய்து அரை நிமிஷத்தில் மறுபடியும் அணைத்தீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வடிந்து, பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிட்டது. பிளக்கும் நனைந்திருக்கும். காலையில் காற்று ரிங் வழியாக நழுவுகிறது, நனைந்த பிளக்கில் பொறியும் சரியாக வராது. ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போய் நிலைமை மோசமாகிறது, அது எரியாமல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வரை போய்ச் சேர்ந்தால் செலவு பெரிதாகிவிடும்.

சாதாரண காருக்கும் இது வரும். ஆனால் சூப்பர்சார்ஜர் எஞ்சினில், அதுவும் பழைய தலைமுறை எஞ்சினில், கம்ப்ரஷன் விகிதத்தை (பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதை) குறைத்தே வைத்திருப்பார்கள். சாதாரண எஞ்சினில் 10.5 இருக்கும் இடத்தில் இதில் 9 பக்கம் இருக்கும், பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் திணிக்கும் கூடுதல் அழுத்தம், வரும்போது பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டல் விழக்கூடாது என்பதற்காக. செல்ஃப் சுற்றும் வேகத்தில் பூஸ்ட் என்று சொல்லும்படி எதுவும் வராது. அதனால் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் உங்கள் எஞ்சின், கம்ப்ரஷன் குறைந்த ஒரு சாதாரண எஞ்சின், அவ்வளவுதான். அதற்கு மேல் நீங்கள் இருப்பது கடல் மட்டத்தில் இருந்து 1,600 மீட்டருக்கு மேலே, அங்கே காற்றழுத்தம் கொச்சியைவிட ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. போதாததற்கு இப்போது பம்ப்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஆவியாக எத்தனால் கேட்கும் வெப்பம் பெட்ரோல் கேட்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். கொச்சியில் இதே மாதிரி நூறு முறை நகர்த்தி அணைத்திருந்தாலும் தெரிந்திருக்காது.

சரி, இப்போது என்ன செய்வது. பிரேக்கை இடது காலில் மிதித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக முழுக்க அழுத்தி, ஐந்து நொடி மட்டும் செல்ஃப் கொடுங்கள். பல கார்களில் இப்படிச் செய்தால் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். பிடித்துவிட்டால் காலை உடனே எடுத்துவிடுங்கள், குளிர்ந்த எஞ்சின் எகிறக்கூடாது. பிடிக்காவிட்டால் ஒரு நிமிஷம் ஆறவிட்டு இன்னொரு முறை பாருங்கள், மூன்று முறைக்கு மேல் வேண்டாம். அதற்கும் மசியவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஃப்யூவல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, காயில் கனெக்டரைக் கழற்றி, ஆறு பிளக்கையும் எடுத்துக் காயவைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பிளக் இல்லாமல் சில நொடி சுற்றவிட்டு மாட்டினால் கம்ப்ரஷன் திரும்பிவிடும். பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் புகையாகப் பீச்சும், காயிலைக் கழற்றாமல் இதைச் செய்யவே கூடாது, பக்கத்தில் பீடிகூட இருக்கக்கூடாது. ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வரும், பயப்படாதீர்கள். ஆனால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஆயிலைப் பற்றிச் சொல்லும்போது, குளிருக்கென்று தனி ஆயில் தேடவேண்டாம். 5டபிள்யூ-30 ஆயிலின் ஸ்டார்ட்டிங் சோதனையே மைனஸ் 30 டிகிரியில் நடக்கிறது. மூணாறின் லெட்சுமி, செண்டுவாரை எஸ்டேட் பக்கம் உறைபனி விழும் காலையில்கூட அதற்கு அது ஒரு குளிரே இல்லை. யாராவது '20டபிள்யூ-50 ஊத்துங்க, கெட்டியா இருக்கும்' என்றால் கேட்காதீர்கள், காருடன் வந்த புத்தகத்தில் உள்ளதையே ஊற்றுங்கள்.

மறுபடியும் இதே வந்தால், எஞ்சின் கூலன்ட்டின் வெப்பத்தை ஈசியூவுக்குச் சொல்லும் கூலன்ட் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்கேனரை மாட்டி, கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். காற்று 4 டிகிரி என்றும் கூலன்ட் மைனஸ் 25 என்றும் காட்டினால், ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது என்று அர்த்தம்.

அப்புறம், ஸ்டார்ட் ஆனதும் வாசலில் பத்து நிமிஷம் ஐடிலில் விடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், அதுவும் சுவரைக் கழுவும் வேலைதான். முதலில் ஆர்பிஎம் 1,200 பக்கம் நிற்கும், அது கொஞ்சம் இறங்கும்வரை பொறுத்தால் போதும், கிளம்பிவிடலாம். ஆனால் வீட்டு வாசலிலேயே ஏற்றம் ஆரம்பித்தால் ஆக்ஸிலேட்டரில் பாதிக்கு மேல் மிதிக்காதீர்கள், 2,500 தாண்டாமல் மெதுவாக ஏறுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆகும், பூஸ்ட் அதற்குப் பிறகுதான். டயரும் அதேபோலத்தான், ஸ்போர்ட்ஸ் கார் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப்போகும், பனி நனைத்த ரோட்டில் பின்சக்கரம் தள்ளும் வண்டி சட்டென்று வழுக்கும்.

கழுவ வேண்டுமென்றால் ஓட்டிவிட்டு வந்த சூட்டிலேயே வாசலில் நிறுத்திக் கழுவுங்கள், இல்லை ஆளை வைத்துச் செட்டில் இருந்து தள்ளுங்கள். நின்ற இடத்தில் பேட்டரி 12.6 வோல்ட் இருக்கிறதா, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகிறதா என்று இன்றைக்கே பார்த்து, ஸ்கேனரில் வந்த இரண்டு எண்ணையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். சென்சாரா, உங்கள் கழுவலா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.