வாசகர் கேள்விகள்: திரையில் ப்ளூஸ், கணக்கேட்டில் ப்ளூஸ்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையைத் தட்டில் பதிவு செய்த சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைப் பற்றி 2008-இல் வந்த ‘காடிலாக் ரெக்கார்ட்ஸ்’ படத்தை அண்மையில்தான் பார்த்தேன். அதில் எவ்வளவு உண்மை?

பதில்: எலும்புக்கூடு உண்மை, சதையில் பாதி கற்பனை. போலந்துப் பகுதியிலிருந்து சிறுவனாகச் சிகாகோவுக்கு வந்த லெனார்ட் செஸ் இரவு விடுதி நடத்தியதும், மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணையில் உழைத்துக்கொண்டிருந்த ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943-இல் அதே நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும், இருவரும் சேர்ந்த பிறகு மின்கிதாரின் ஓசை இசைத்தட்டில் ஏறியதும் நடந்தவையே. ஆனால் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் லெனார்ட் அல்லர். 1947-இல் சார்லஸ், எவலின் ஏரன் தம்பதியர் ‘அரிஸ்டோகிராட்’ என்ற பெயரில் ஆரம்பித்த நிறுவனத்தில் அவர் பங்குதாரராக நுழைந்து, படிப்படியாகத் தம் வசமாக்கி, 1950-இல் ‘செஸ்’ என்று பெயர் மாற்றினார். படத்தில் எவலின் ஏரனுக்கு இடமில்லை. தொழிலில் சரிபாதியைச் சுமந்த தம்பி ஃபில் செஸ்ஸும் ஏறக்குறைய காணாமலே போய்விடுகிறார். (ஃபில் பாத்திரத்தைப் பார்க்க விரும்புவோர், அதே நிறுவனத்தைப் பற்றி ஏறத்தாழ அதே சமயத்தில் எடுக்கப்பட்ட ‘ஹூ டூ யூ லவ்’ படத்தைத் தேடிப் பார்க்கலாம்.) செஸ்ஸின் பெருங்கலைஞர்களில் ஒருவரான போ டிட்லியும் கதையில் இல்லை.

முடிவுக் காட்சியும் அப்படித்தான். நிறுவனத்தை விற்றுவிட்டுக் கிளம்பும் லெனார்ட், கார் சிறிது தூரம் போவதற்குள் மாரடைப்பில் சாய்கிறார். அவர் காரில் இருக்கும்போது மாரடைப்பால் இறந்தது உண்மை. ஆனால் விற்பனை நடந்தது 1969 ஜனவரியில், மரணம் நேர்ந்தது அக்டோபரில். இடைப்பட்ட மாதங்களில் அவர் மனமுடைந்து திரியவில்லை. சகோதரர்கள் 1963-இல் வாங்கிய டபிள்யூ.வி.ஓ.என் வானொலி நிலையம் அவர்கள் கையில்தான் இருந்தது. எட்டு மாதங்களுக்கு மேலான காலத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கியதன் மூலம், ஒரு வியாபாரியின் அடுத்த கட்டத்தை ஒரு தந்தையின் துயரமாக மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: செஸ் நிறுவனத்தின் பாடகி எட்டா ஜேம்ஸுக்கும் லெனார்டுக்கும் இடையே காதல் இருந்ததா?

பதில்: அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. திரைக்கதைக்காகச் சேர்த்தது. இதை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை. பார்ப்பவர்களே ஐயப்படக்கூடிய கற்பனை இது.

கேள்வி: கலைஞர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக காடிலாக் கார் கொடுத்ததாகப் படம் காட்டுகிறதே, அது வஞ்சகமா, தாராளமா?

பதில்: இங்கேதான் படத்தை நான் கடுமையாகக் குறை சொல்வேன். அக்காலத்துச் சிறு இசைத்தட்டு நிறுவனங்களில் காரும், வீட்டு வாடகையும், மருத்துவச் செலவும், அவசரக் கைமாற்றும் கலைஞரின் ராயல்டிக் (விற்பனைப் பங்கு) கணக்கில் பற்று எழுதப்படுவது வழக்கம். எனவே பளபளக்கும் கார் பெரும்பாலும் அவருடைய சொந்தப் பணத்தில் வந்ததுதான். வரவேண்டிய தொகை எவ்வளவு என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கார் சாவியை நீட்டும் காட்சி படத்துக்கு அழகு, ஆனால் நம் கவனத்தைப் பெரிய பணம் போன திசையிலிருந்து அது திருப்பிவிடுகிறது.

பெரிய பணம் போன இடம் ஆர்க் மியூசிக். 1953-இல் செஸ் சகோதரர்களும், புகழ்பெற்ற கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் சகோதரர்களான ஜீன், ஹாரி குட்மனும் சேர்ந்து அமைத்த பாடல் உரிமை நிறுவனம் அது. ஒரு தட்டு விற்றால் பாடியவருக்கு ஒரு தொகை, பாட்டை எழுதியவருக்கும் அதன் உரிமையாளருக்கும் வேறொரு தொகை என இரண்டு ஓடைகளாகப் பணம் வருகிறது. இரண்டாவது ஓடை, வேறொருவர் அதே பாட்டைப் பாடும்போதும் வற்றுவதில்லை. 1963-இல் பீச் பாய்ஸ் குழு செஸ் கலைஞரான சக் பெரியின் மெட்டை எடுத்து ‘சர்ஃபின் யு.எஸ்.ஏ.’ என்று பாடியபோது எழுந்த தகராறில் உரிமை ஆர்க் மியூசிக்கின் பெயருக்குப் போனது என்பதைக் கவனித்தால், மெட்டைத் திருடிய வெள்ளை இளைஞர்கள், திருட்டுக்கு ஆளான கறுப்புக் கலைஞர் என்று மட்டும் இந்தக் கதையைச் சொல்வது ஏன் போதாது என்பது புரியும்.

சக் பெரியின் முதல் வெற்றியான ‘மேபலீன்’ இன்னும் தெளிவான சாட்சி. 1955-இல் அந்தத் தட்டு வெளிவந்தபோது எழுதியவர்கள் பட்டியலில் நியூயார்க் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடும், செஸ் நிறுவனத்தோடு வியாபாரத் தொடர்புடைய ரஸ் ஃப்ராட்டோவும் சேர்க்கப்பட்டிருந்தனர். இருவரும் ஒரு வரிகூட எழுதியவர்கள் அல்லர். வானொலியில் ஓயாமல் ஒலிபரப்பியதற்கான கையூட்டு, கையூட்டு என்ற பெயரில் வராமல், காலமெல்லாம் வருமானம் தரும் பங்காக வந்தது. அந்தப் பெயர்களை முழுவதுமாக நீக்கித் தம் பாட்டைத் தமதாக்கிக்கொள்ள பெரிக்கு 1986 வரை ஆயிற்று. மடி வாட்டர்ஸும் செஸ்ஸின் பாடலாசிரியர் வில்லி டிக்ஸனும் 1970-களில் ஆர்க் மியூசிக் மீது தொடுத்த வழக்குகள் சமரசத்தில் முடிந்தன.

லெனார்டைக் கயவன் என்று சொல்லிவிடுவதும் சுலபமான வழிதான். பலரும் பதிவு செய்யத் தயங்கிய இசையை அவர் நம்பிப் பதிவு செய்தார். அவருடைய ஒப்பந்தங்கள் போட்டி நிறுவனங்களின் ஒப்பந்தங்களைவிடத் தனித்த கொடுமை கொண்டவை அல்ல. இரண்டையும் ஒரே படத்தில் காட்ட முடியும். அதற்கு ஒப்பந்தத் தாளைக் கேமரா சற்று நேரம் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ப்ளூஸ் பாடகி மா ரெய்னியைப் பற்றிய ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ (2020) படத்தில் ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்துபவர்கள் வெள்ளையர்களாகவே காட்டப்படுகிறார்களே, அது சரியா?

பதில்: அது ஆகஸ்ட் வில்சனின் நாடகத்திலிருந்து வந்தது, டிரம்பெட் வாசிக்கும் லெவீயும், அந்த ஒரு நாளின் சம்பவங்களும் அவருடைய கற்பனை. 1927 சிகாகோவின் வெக்கையில் கதை நடக்கிறது. உண்மையில் படத்துக்குப் பெயர் தந்த அந்தப் பாட்டு பதிவானது அவ்வாண்டு டிசம்பரில். நாடக ஆசிரியருக்குரிய சுதந்திரம் என்று இதை விட்டுவிடலாம்.

ஆனால் உங்கள் கேள்வி முக்கியமானது. மா ரெய்னி பாடிய பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனம் விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் ஒரு கம்பெனியின் கிளை. கிராமபோன் பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தவர்கள், பெட்டியில் போடத் தட்டும் வேண்டுமே என்று தட்டுத் தயாரிப்பில் இறங்கினார்கள். அவர்களுக்காகச் சிகாகோவில் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தவர் ஜே. மேயோ வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர். பிரவுன் பல்கலைக்கழகப் பட்டதாரி. தொழில்முறைக் கால்பந்தும் ஆடியவர். பாடல் உரிமைகளைப் பதிவு செய்யும் கிளையும் அவர் பொறுப்பில் இருந்ததால், கலைஞர்களின் பாடல் வருமானத்தில் அவருக்கும் பங்கு போயிற்று. 1927-இலேயே பாரமவுண்டை விட்டு விலகிவிட்டதால், அந்தக் குறிப்பிட்ட பதிவின்போது அவர் இல்லை என்று படத்துக்காக வாதாடலாம். இருந்தாலும், மா ரெய்னியின் புகழ் உருவான ஆண்டுகளில் நடுவில் நின்ற இந்த மனிதரை வைத்து ஒரு படம் எடுத்தால், சுரண்டலை இன நிறத்தால் மட்டும் பிரித்துக் காட்ட எவராலும் முடியாது.

கேள்வி: பிரிட்டிஷ் ராக் இசைக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் செஸ் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்தபோது மடி வாட்டர்ஸ் கூரைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாராமே?

பதில்: 1964 ஜூனில் அவர்கள் வந்து பதிவு செய்தது உறுதி. வண்ணப் பூச்சுக் கதையைச் சொல்பவர் அக்குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ். மறுப்பவர் லெனார்டின் மகன் மார்ஷல் செஸ். நான் மார்ஷல் பக்கம். வாட்டர்ஸ் அப்போதும் அந்நிறுவனத்தின் முன்னணிப் பெயர்களில் ஒருவர். அவருடைய ‘ஃபோக் சிங்கர்’ தொகுப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.