மூன்று மானிட்டர் கேமிங் கணினிக்குப் பயிர்க்கடனைத் தொடலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம், வயது 27. சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. சம்பளம் 52,000, செலவு போக மாதம் 20,000 மிஞ்சும், சேமிப்பு 1,40,000. கார் ரேஸ் ஆட மூன்று மானிட்டர் வைத்த கணினி வாங்க ஆசை. கடையில் 4 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்தார்கள்: கோர் அல்ட்ரா 9 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 5080 கிராபிக்ஸ் கார்டு, 64 ஜிபி ராம், 32 இன்ச் 4கே மானிட்டர் மூன்று. பேங்கில் 14% வட்டிக்குத் தனிநபர் கடன் கிடைக்கும். அப்பா கூட்டுறவு சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லையே, அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, பயிர்க்கடனைத் தொடாதீர்கள். அதற்கு வட்டி இல்லை என்பது தவணை தேதிக்குள் முழுசாகக் கட்டினால்தான். தேதி தாண்டினால் வட்டி ஏறும், அடுத்த கடனும் சிக்கலாகும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, நடவுக் கூலி என்று அப்பாவுக்கு ஒரே நேரத்தில் பணம் வேண்டும், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் காசு என்றைக்கு வரும், மழை எப்போது கெடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பணம் வயலுக்கென்று கொடுத்தது, வயலிலேயே இருக்கட்டும்.

தனிநபர் கடனும் வேண்டாம். 4 லட்சத்துக்கு 14% வட்டியில் 24 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 19,200, வட்டி மட்டும் சுமார் 61,000 ரூபாய் போகும். மிஞ்சுகிற 20,000 மொத்தமும் இரண்டு வருஷத்துக்கு அதிலேயே கரையும், நடுவில் வேலை போனால் என்ன செய்வீர்கள்? கடைக்காரர் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றாலும் மயங்காதீர்கள், வட்டிக்கு 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும், ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடியும் போய்விடும்.

ஆசையை விடச் சொல்லவில்லை, கொட்டேஷனை மாற்றச் சொல்கிறேன். மூன்று 4கே மானிட்டர் என்றால் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சுமார் 2 கோடியே 49 லட்சம் பிக்சல் வரைய வேண்டும், 5080-யே அதற்குத் திணறும். அதையே 4கே-யைவிடப் பிக்சல் குறைந்த 27 இன்ச் 1440பி மானிட்டர் மூன்றாக மாற்றினால் 1 கோடியே 10 லட்சம்தான், பாதிக்கும் குறைவு. ரேஸ் ஆட்டத்தில் பக்கவாட்டு மானிட்டர் ஓரப்பார்வைக்குத்தானே, அங்கே 4கே எதற்கு? சுமை 1 கோடியாக இறங்கியதும் 16 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கார்டே போதும். அதில் பொதுவாக டிஸ்ப்ளே போர்ட் மூன்று இருக்கும், மூன்று மானிட்டரும் நேராக அதிலேயே சொருகலாம். ஒன்றைக்கூட மதர்போர்டில் சொருகாதீர்கள். மூன்றையும் ஒரே திரையாக ஓட்டப்போகிறீர்கள் என்பதால் மூன்றும் ஒரே மாடலாக, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

பிராசசருக்கு அவ்வளவு கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இவ்வளவு பிக்சல் இருக்கும்போது பெரும்பாலும் திணறுவது கிராபிக்ஸ் கார்டுதான், பிராசசர் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். எட்டு கோர் ரைசன் 7 7800எக்ஸ்3டி, 32 ஜிபி ராம் தாராளம்.

அப்புறம், கொட்டேஷனில் யூபிஎஸ் இல்லை, நம் பக்கம் இது பெரிய குறை. ஐப்பசி கார்த்திகையில் இடியும் மின்வெட்டும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும், உங்கள் கார்டே முழு வேகத்தில் 300 வாட் இழுக்கும். 1500 விஏ, சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தரும்) வகையாகப் பாருங்கள். வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் சோதித்துவிட்டுத்தான் கணினியை வையுங்கள். 850 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வாங்கினால் அடுத்த கணினிக்கும் அதுவே ஓடும்.

வாங்கும் வரிசை இப்படி: இப்போது சேமிப்பிலிருந்து 60,000 எடுத்து மானிட்டர்கள் மட்டும். ஆபீஸ் லேப்டாப்பில் ஒன்றோ இரண்டோ இணைத்து வேலைக்கே பயன்படுத்தலாம். மிச்சம் 80,000 அவசரத்துக்கு, அதைத் தொடக் கூடாது. இஎம்ஐ கட்டுவதாக நினைத்து மாதம் 20,000 பேங்க் ஆர்டியில் (தொடர் வைப்பில்) போடுங்கள், பத்து மாதத்தில் 2 லட்சமும் கொஞ்சம் வட்டியும் சேரும். மற்ற பாகங்கள் ஏறக்குறைய அந்தத் தொகைக்குள் வரும். விலை ஏறினால் ஒரு மாதம் கூடுதலாகப் பொறுங்கள், கடன் பக்கம் போகாதீர்கள்.

திருச்சியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கட்டாயம். பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருவார்கள், ஆனால் கார்டு பழுதானால் வாரண்டிக்குக் கேட்பது அந்தப் பில்லைத்தான். அதில் கார்டு, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாவற்றின் சீரியல் நம்பரும் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.