இரட்டைக்குழல் துப்பாக்கியில் ரவை விழும் இடம்: கேள்வி பதில்

சுபாங்கில் எறியப்படும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடப் பழகுவோரும், கோலாலம்பூரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்போரும் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ரவை என்பது தோட்டாவிலிருந்து கொத்தாக வெளிவரும் சிறு குண்டுகள். குழலில் கை வைக்கும் வேலை எதையும் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி (காஜாங்): ஐயா, என்னுடையது பக்கம் பக்கமாகக் குழல்கள் அமைந்த துப்பாக்கி. வலக்குழல் குறியிலேயே விழுகிறது. இடக்குழல் மட்டும் 35 மீட்டரில் ஒரு சாண் வலப்பக்கம் விலகுகிறது. கட்டையை, அதாவது தோளில் பதியும் மரப்பகுதியை, சற்று வளைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கட்டையை மாற்றினால் இரண்டு குழல்களும் சேர்ந்தே நகரும். இடக்குழல் குறிக்கு வரும்போது வலக்குழல் அதே ஒரு சாண் இடப்பக்கம் போய்விடும். இரண்டும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் குறை கட்டையிலோ சுடுபவரிடமோ இருக்கிறது. ஒன்றுக்கொன்று வேறுபட்டால் குறை குழலிலோ தோட்டாவிலோ இருக்கிறது. இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் கட்டையைச் சீவிக் கெடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வலக்குழல் துப்பாக்கியின் நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் தள்ளி இருப்பதால், வெடித்தவுடன், ரவை வாயைவிட்டு வெளியேறும் முன்பே, துப்பாக்கியின் முனை சற்று வலப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடுகிறது. இடக்குழலில் இது இடப்பக்கம் நிகழ்கிறது. இதை ஈடுகட்டத்தான் செய்பவர்கள் இரு குழல்களையும் முனைப்பக்கம் ஒன்றை நோக்கி ஒன்று சாய்த்துப் பற்றவைக்கிறார்கள். உங்கள் இடக்குழல் வலப்பக்கம் போவதால் அந்தச் சாய்வு தேவைக்கு மேல் வேலை செய்கிறது என்று பொருள். வேகமான, எடை குறைந்த தோட்டா குழலுக்குள் குறைந்த நேரமே தங்குவதால் முனை திரும்புவதற்குள் ரவை வெளியேறிவிடும். அப்போது இரு குழல்களின் ரவையும் ஒன்றுக்கொன்று குறுக்கே போகும். ஆகவே சற்று மெதுவான, எடை கூடிய தோட்டாவை முதலில் சுட்டுப் பாருங்கள். ஆனால் அந்தத் தோட்டா உங்கள் குழலில் பொறித்திருக்கும் அறை (தோட்டா அமரும் இடம்) நீளத்துக்கும் அழுத்த வரம்புக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு சாண் விலகல் முழுவதையும் தோட்டாவே தீர்த்துவிடும் என்று சொல்லமாட்டேன்; ஆனாலும் செலவில்லாத வழியை முதலில் முடித்துவிடுவது நல்லது.

அதற்குப் பிறகும் விலகினால், உரிமம் பெற்ற கைவினைஞர் சோக் பகுதியை, அதாவது குழல் வாயில் உள்ள இடுக்கத்தை, ஒரு பக்கமாகச் சீவித் தருவார். ரவை எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கத்து உலோகத்தைத்தான் எடுக்க வேண்டும், உங்களுக்கு இடப்பக்கம். 12ஆம் எண் (12 போர்) துப்பாக்கியின் முழுச் சோக்கில் இடுக்கம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால் எடுப்பதற்கு அதிகம் இல்லை, எடுத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது. முழுச் சோக் சுமார் 36 மீட்டரில் 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் 70 விழுக்காடு ரவையைச் சேர்க்கும் என்பது பொதுக்கணக்கு. சீவியபின் அந்த அடர்த்தியில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இடுக்கமே இல்லாத குழலுக்கு இந்த வழி கிடையாது. கழற்றி மாட்டும் சோக் உள்ள துப்பாக்கியானால், துளை ஒரு பக்கம் தள்ளிக் கடையப்பட்ட சோக் ஒன்றைச் செய்து மாட்டிக்கொள்ளலாம். குழலுக்குச் சேதமில்லை என்பதால் நான் இதையே விரும்புவேன்.

கேள்வி (செந்தூல்): எனக்கு இரண்டு குழலும் தாழ்வாகவே விழுகின்றன. பயிற்சியாளர் கட்டையை உயர்த்தச் சொல்கிறார். எவ்வளவு உயர்த்துவது?

பதில்: அவர் சொல்வது சரி. இந்தத் துப்பாக்கிக்குப் பின்குறி, அதாவது குறிபார்க்கக் கண்பக்கம் பொருத்தும் குறி, கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் பதியும் மேல்விளிம்பை உயர்த்தினால் கண் உயரும், ரவையும் உயரும். கட்டை வலப்பக்கம் நகர்ந்தால் ரவையும் வலப்பக்கம் நகரும்.

அளவு எளிய கணக்குதான். கண்ணிலிருந்து, குறிபார்க்கக் குழல் முனையில் உள்ள சிறு குமிழ்வரை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். பதினாறு மடங்கு தூரத்தில், அதாவது சுமார் 14.5 மீட்டரில், கட்டையில் செய்யும் மாற்றம் பதினாறு மடங்காகத் தாளில் தெரியும். 3 மில்லிமீட்டர் உயர்த்தினால் அங்கே ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரும்; 36 மீட்டரில் 12 சென்டிமீட்டர். கட்டையை உடனே மாற்றிவிடாமல், அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து நாடாவால் ஒட்டி, மூன்று நான்கு வாரம் சுட்டுப் பாருங்கள். முதல் நாளில் எல்லோரும் கழுத்தை விறைத்துக்கொண்டு சுடுவதால் அன்றைய அளவு பொய் சொல்லும்.

கேள்வி (ரவாங்): தாளில் சோதிப்பதற்கு முறை உண்டா? ஒரு முறை சுட்டதில் மேலே போனது.

பதில்: ஒரு முறை சுட்டு எதையும் முடிவு செய்யக்கூடாது. 1.2 மீட்டர் சதுரத் தாளின் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். குழலுக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள், எல்லாம் ஒரே பெட்டித் தோட்டா. துப்பாக்கியை மேசையிலோ மணல்மூட்டையிலோ கிடத்திச் சுடாதீர்கள். பின்னுதைப்பு வேறு விதமாக இருக்கும். நின்றபடி, தட்டைச் சுடுவதுபோலத் தோளுக்கு ஏற்றியவுடன் சுடுங்கள். ஐந்து தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ரவையின் நடு எங்கே என்பது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி (கிள்ளான்): மேல்கீழ்க் குழல் துப்பாக்கிக்கும் இதேதானா?

பதில்: கணக்கு அதேதான். வேறுபாடு மட்டும் செங்குத்தாக வரும். கீழ்க்குழல் தோளுக்கு நேராக உதைப்பதால் முனை குறைவாகவே எழும்பும். மேல்குழலில் கூடுதலாக எழும்பும்.

கேள்வி (பந்திங்): தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு ஒற்றைக்குண்டுத் தோட்டா பயன்படுத்த அனுமதி இருக்கிறது. இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்குமா?

பதில்: எதிர்பார்க்காதீர்கள். ரவைக்குச் சாய்த்த குழல்கள் குண்டுக்கு அப்படியே பொருந்துவது அரிது. ரவையில் மறைந்துவிடும் சிறு விலகல் ஒற்றைக் குண்டில் அப்பட்டமாகத் தெரியும். சுடுதளத்தில் சோதித்து, குறிக்கு அருகில் அடிக்கும் குழலுக்கு மட்டும் குண்டைப் போடுங்கள்.

கேள்வி (அம்பாங்): தாத்தாவின் துப்பாக்கி உரிமத்தோடு என் பெயருக்கு மாறியிருக்கிறது. குழலுக்குப் புதிதாகக் கருநீல மெருகு ஏற்றியபின் முன்னைப்போல அடிப்பதில்லை. தற்செயலா?

பதில்: தற்செயலாக இருக்காது என்றே நினைக்கிறேன். கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி எடுக்கும் மெருகு, பழைய குழல்களை இணைக்கும் ஈயப் பற்றவைப்பை அரித்துவிடும். அத்தகைய குழல்களுக்குத் துரு ஏற்றித் தேய்க்கும் பழைய முறையே ஏற்றது. தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு குழல்களைக் கழற்றி, கொக்கியில் தொங்கவிட்டு விரல்நகத்தால் தட்டுங்கள். வெண்கல மணிபோல ஒலித்தால் பற்றவைப்பு நன்றாக இருக்கிறது. ஓட்டைப் பானைபோலச் சத்தமிட்டால், இரு குழல்களுக்கும் இடையில் பற்றவைத்த நடுப்பட்டை விட்டுவிட்டது. அப்படியானால் ஒரு தோட்டாவும் சுடாமல், உரிமம் பெற்ற கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். குழல்களைப் பிரித்து மீண்டும் பற்றவைக்கும்போதே, முனையில் ஆப்பு வைத்து இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரவும் கேட்டுக்கொள்ளலாம்.