மதுரைப் பக்கம் வத்தல், அப்பளம் தயாரிக்கும் சிறு தொழிலைப் பெரிதாக்க சூப்பர் மார்க்கெட், ஆன்லைன், ஏற்றுமதி – எதில் வாய்ப்பு அதிகம்?

மூன்றிலும் வாய்ப்பு இருக்கிறது. நான் பிழைப்பது நான்காவது ஒன்றில். அதை நீங்கள் கேள்வியில் சேர்க்கவே இல்லை, யாரும் சேர்ப்பதில்லை. கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படிக் கேட்பவர் எந்த நிலையில் இருப்பார் என்று ஊகிக்கலாம். வீட்டில் அம்மாவோ மாமியாரோ போட்ட வத்தலுக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பேர். நாலைந்து பெண்களை வேலைக்கு வைத்திருப்பீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எடுத்தாயிற்று. ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்து, "பிராண்ட் பண்ணுங்க, பிராண்ட் பண்ணுங்க" என்று கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள். மஞ்சளும் பச்சையுமாகப் பாக்கெட் டிசைன்கூட வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வழக்கமான முறையில் அச்சடிக்கும் பௌச்சுக்கு (பிளாஸ்டிக் பைக்கு) கலர் ஒன்றுக்கு ஒரு அச்சு சிலிண்டர் செய்ய வேண்டும், அதற்குத் தனிக் காசு, அப்புறம் நூறு இருநூறெல்லாம் அடித்துத் தரமாட்டார்கள்.

எனக்கு அவனியாபுரம் பக்கம் ஒரு யூனிட். அப்பளம், மோர் மிளகாய், சுண்டைக்காய், மிதுக்கு வத்தல், கூழ் வடகம். அப்பா காலத்தில் அப்பளம் மட்டும்தான். கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்குச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். நான் பொறுப்பெடுத்ததும் எல்லாரையும் போல எனக்கும் நம் பேர் போட்ட பாக்கெட் அலமாரியில் நிற்க வேண்டும் என்று ஆசை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குப் போட்டோம். பேர் வேண்டாம். ஏமாந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, ஆடிட்டரிடம் காட்டி, கணக்குப் போட்டுத்தான் இறங்கினேன். எம்ஆர்பியில் முப்பது சதவீதம் அவர்களுக்கு. அலமாரியில் இடம் பிடிக்க ஒரு தொகை. பார்கோடு நம் செலவு. தேதி முடிந்தது, உடைந்தது எல்லாம் திரும்பி வரும். பணம் அறுபது நாளில். இது அத்தனையும் சேர்த்துத்தான் விலை வைத்தேன். சரக்கும் நன்றாகவே போனது. கிளை மேனேஜரே போன் போட்டு மோர் மிளகாய் இன்னும் அனுப்பச் சொன்னார்.

ஆனால் அறுபது நாள் தொண்ணூறு ஆனது, அப்புறம் நான்கு மாதத்தைத் தாண்டியது. கேட்டால் "சிஸ்டத்தில் அப்ரூவல் போகவில்லை சார்" என்பார்கள். சார் என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

இந்தத் தாமதம் பிஸ்கட் கம்பெனிக்கு வந்தால் வட்டி நஷ்டத்தோடு போகும். வத்தல்காரனுக்கு ஒரு வருஷமே போகும். பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில்தான் வருஷத்துச் சரக்கில் பெரும்பகுதி காய்கிறது. மிளகாயையும் சுண்டைக்காயையும் அந்த நேரத்தில் வாங்கி, மோரில் ஊறப்போட்டு, காயவைத்து மூட்டை கட்டியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மாடியில் ஒரு தட்டு விரிக்க முடியாது. வேலை செய்யும் அக்காமாருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி எண்ணி வைக்க வேண்டும், அதற்கு எந்த சிஸ்டத்திலும் அப்ரூவல் கிடையாது. உளுந்துக்காரரோ, பர்மா உளுந்து விலை நேற்றே ஏறிவிட்டது, கையில் காசு இருந்தால் இன்று தூக்கு என்பார். ஆக, காசு தேவைப்படும் மூன்று மாதமும் என் காசு அவர்கள் கணக்கில் தூங்கியது. அந்த வருஷம் சித்திரையில் வாங்க வேண்டிய மிளகாயில் பாதியை நகையை வைத்து வாங்கினோம்.

இங்கே ஒருவர் வருவார், "சட்டம் இருக்கே" என்று. தெரியும். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி எழுத்தில் எத்தனை நாள் என்று போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அப்படிப் பார்த்தால் அறுபது நாள் என்ற நிபந்தனையே செல்லாது. புகார் கொடுக்கச் சென்னைக்கு ஓட வேண்டியதும் இல்லை, மதுரையிலேயே அதற்கான மன்றம் இருக்கிறது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம். எல்லாம் நல்ல சட்டம்தான். இதற்காகவாவது உத்யம் பதிவை (சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவு) முதல் பில் போடும் முன்பே எடுத்துவிடுங்கள். ஆனால் புகார் கொடுத்த மறுநாள் உங்கள் பாக்கெட் அந்த அலமாரியில் இருக்குமா என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. நான் கொடுக்கவில்லை. பாக்கி வந்து சேர்ந்ததும் சரக்கை நிறுத்திக்கொண்டேன்.

மண்டபத்து வேலை தானாக வந்ததுதான். பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். அங்கே சமையல் மாஸ்டருக்கு அப்பளம் பற்றாமல் போய், யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்த நூறு கிராம் பாக்கெட்டுகளையே அள்ளிக்கொண்டு போனேன். மாஸ்டர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, ஆயிரம் இலை விழுகுது. இந்தப் பாக்கெட்டைக் கிழிக்கவே எனக்குத் தனியா ஒரு ஆள் வேணுமேய்யா!"

அந்த ஒரு பேச்சில் எனக்குக் கிடைத்தது எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்கவில்லை. அவருக்கு வேண்டியது ஐந்து கிலோ மூட்டை, உடையாமல். காலை ஏழு மணிக்குப் பொரித்தது ஒரு மணிப் பந்தி வரை நமத்துப் போகக் கூடாது. எண்ணெய் குடிக்கக் கூடாது. சிவக்கவும் கூடாது. அப்பளக்காரம் ஒரு பங்கு கூடினாலே பொரிக்கும்போது சிவந்துவிடும், நாக்கில் சோப்பு ருசி தட்டும். ஈரம் மிஞ்சினால் மூட்டைக்குள் பூசணம், மிஞ்சிக் காய்ந்தால் விளிம்பு உதிரும். மோர் மிளகாயில் உப்பைக் குறைக்கச் சொன்னார், பந்தியில் தயிர் சாதத்துக்கு வைக்கும்போது பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்களாம். இதெல்லாம் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த வேலை. மைதா கலந்து மலிவாக அடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தோற்பார்கள். அலமாரியில் இரண்டு பாக்கெட்டும் ஒரே மாதிரி மினுங்கும், எண்ணெய்ச் சட்டியில் தெரிந்துவிடும்.

விலைக் கணக்கு, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். எம்ஆர்பி நூறு ரூபாய் போட்ட சரக்குக்குக் கடையில் எனக்கு எழுபது. அதில் பௌச், டப்பா, திரும்பி வந்தது, வண்டி எல்லாம் கழித்தால் ஐம்பத்தைந்தும் நிற்காது. அதே எடைக்கு மாஸ்டர் அறுபது தருகிறார். முகூர்த்தம் முடிந்து கல்யாண வீட்டார் கணக்குத் தீர்த்த அன்றே, அல்லது அடுத்த முகூர்த்தத்துக்குள். பழைய பாக்கி தீராமல் அடுத்த மூட்டை ஏறாது, இது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஒரு மாஸ்டரிடமிருந்து இன்னொருவர், அப்புறம் ஹாஸ்டல் மெஸ், கோயில் அன்னதானம், மதியச் சாப்பாடு போடும் ஓட்டல்கள். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் அங்கே பில் தகராறும் குறைவு.

எல்லாம் தேன் என்று சொல்லவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் காலி. மெஸ்ஸும் அன்னதானமும் இல்லாவிட்டால் அந்த மாதங்களை ஓட்ட முடியாது. சில இடத்தில் ஸ்டோர் பார்ப்பவர் தனியாகக் கமிஷன் எதிர்பார்ப்பார். ஒரு முறை மூட்டையில் பூசணம் போனால் அந்த வாரமே ஊர் முழுக்க எல்லா மாஸ்டருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பயந்தே சூரிய கூடார உலர்த்தி, அதாவது வெயில் சூட்டில் மூடிய கூடாரத்துக்குள் காயவைக்கும் அமைப்பு போட்டோம். விவசாயிகளுக்கும் குழுக்களுக்கும் அதற்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு, விசாரியுங்கள்.

"பேரில்லாமல் விற்பது சட்டவிரோதம்" என்றும் ஒருவர் எழுதுவார். பேர் இல்லாமல் இல்லை. மொத்த மூட்டையிலும் தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், தொகுதி எண், தேதி, எடை எல்லாம் இருக்கிறது, 'சில்லறை விற்பனைக்கு அல்ல' என்ற வரியும் இருக்கிறது. கலர் படம்தான் இல்லை. விற்பனை அப்போதைய வரம்பான வருஷத்துக்கு 12 லட்சத்தைத் தாண்டும்போது நான் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவிலிருந்து மாநில லைசென்ஸுக்கும் மாறினேன். பிராண்டே வேண்டாம் என்பதும் என் வாதம் இல்லை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதற்கு முந்தின வருஷமே. ஆனால் அவை ஊர்ப் பேர்கள். தலைமுறையாக ஒரு ஊரே கிண்டியதால் வந்தவை. இரண்டு வருஷ யூனிட் பாக்கெட் அடித்து அதைப் பிடித்துவிட முடியாது.

சரி, ஆன்லைன். கமிஷனை எல்லாரும் சொல்வார்கள், கொரியர் கணக்கைச் சொல்லமாட்டார்கள். வத்தல் வடகம் எடை குறைவு, இடம் அதிகம். பல கொரியர்களில் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதில் வருவதையும் நிஜ எடையையும் பார்த்து எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். 30க்கு 20க்கு 12 பெட்டியில் கால் கிலோ கூழ் வடகம் வைத்தால் கணக்கில் 1.44 கிலோ. பொடி, ஊறுகாய் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. நீங்கள் பொடியும் போடுகிறீர்கள் என்றால் ஆன்லைனில் அதை மட்டும் விடுங்கள்.

கடன் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-ல் வந்த பிஎம்எஃப்எம்இ, அதாவது சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் வங்கிக் கடனோடு சேர்த்து, திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், மிஷின் நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்த மானியம் மிஷினுக்குத்தான். சித்திரையில் மிளகாய் வாங்க அது வராது. மிஷின் பெரிதாகப் பெரிதாக அதற்குப் போட வேண்டிய சரக்கும் பெரிதாகும், அந்தக் காசை எங்கிருந்து எடுப்பீர்கள் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது போன இடமெல்லாம் "என்ன பிராண்டு?" என்றுதான் கேட்டார்கள். பிராண்டு இல்லை, மண்டபங்களுக்குச் சப்ளை என்றால் முகம் சுருங்கும். "ஓ, வத்தல் போடுறாங்களா" என்று உள்ளே போய்ப் பேசுவார்கள், நமக்கும் காது கேட்கும். ஒரு வீட்டில் எங்களைத் தட்டிக் கழித்துவிட்டு, சென்னையில் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்கும் பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு அப்பளம் என்னுடையதுதான். மாஸ்டர் ஆர்டர் சொல்லும்போது பெண் வீட்டு விலாசத்தையும் சொன்னார். தம்பிதான் மூட்டையை இறக்கிவிட்டு வந்தான். அப்பளம் நல்லா இருக்கு என்று பெண்ணின் அப்பா இரண்டாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக மாஸ்டர் சொன்னார். தம்பிக்கு அதற்கப்புறம் திண்டுக்கல்லில் நல்ல இடம் அமைந்தது, அது வேறு கதை.

ஏற்றுமதிக்கு வருகிறேன். ஐஇசி எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதி எண் எடுப்பது சுலபம், 500 ரூபாய், ஆன்லைனிலேயே ஆகிவிடும். கஷ்டம் சரக்கில் இருக்கிறது. ஐரோப்பாவுக்குக் காய்ந்த மிளகாய் போக வேண்டுமானால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சில் பி1 வகை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்ளாடாக்சின் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மாடியில் விரித்த மிளகாய்க்கு இரண்டு நாள் மேகம் போட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். நான் நேரடியாக அனுப்புவதில்லை. சென்னையில் ஒரு ஏற்றுமதியாளர் எடுத்து, அவர் பேரில் பாக்கெட் போட்டு மலேசியாவுக்கு அனுப்புகிறார். முன்பணம் பாதி, லாரி ஏறும்போது மீதி. உலர்த்தி வந்த பிறகுதான் அவரே ஒத்துக்கொண்டார்.

அதனால் உங்களுக்கு என் பதில் இதுதான்: அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால் உங்கள் ஊரில் பெரிய பந்தி போடும் மாஸ்டர் ஒருவரிடம் இரண்டு கிலோ சாம்பிள் கொண்டுபோங்கள். காலை நேரத்தில் போகாதீர்கள், அடுப்பில் நிற்பார். பந்தி முடிந்து அவர் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது போய், அங்கேயே பொரித்துக் காட்டுங்கள். வேறு ஏதாவது கேட்பதென்றால் கேளுங்கள், ஆனால் இப்போது ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது, அது முடிந்துதான் பதில் எழுத முடியும்.