பூட்டிய முதலீட்டு நிறுவனம்: மத்திய வங்கிக்கு எழுதினால் காசு வருமா?

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் தம்பி காணி வாங்க அனுப்பிய எட்டு இலட்சம் ரூபாவை, மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி தருவதாகச் சொன்ன ஒரு முதலீட்டு நிறுவனத்தில் போட்டேன். ஏழு மாதம் ஒழுங்காகத் தந்தார்கள். இப்போது கிளிநொச்சி அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. என் பேச்சை நம்பி இரண்டு பேர் சேர்ந்தார்கள். அதற்குத் தரகுக்காசும் வாங்கினேன். மத்திய வங்கிக்கு முறைப்பாடு செய்தால் காசு கிடைக்குமா? நானும் மாட்டுவேனா?
- ஒரு சகோதரி, புதுக்குடியிருப்பு

பதில்: சகோதரி, முறைப்பாடு செய்யுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவதை 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் தடை செய்கிறது. அப்படி வாங்குகிறவர்களை விசாரிப்பது, நிறுத்துவது, வழக்குக்குக் கொண்டுபோவதுதான் மத்திய வங்கியின் வேலை. உங்கள் எட்டு இலட்சத்தை அறவிட்டுக் கையில் தருவது அதன் வேலையல்ல.

முதலில் அந்த நிறுவனத்துக்கு அனுமதி இருந்ததா என்று மத்திய வங்கியின் 1935 தொலைபேசி இலக்கத்தில் கேளுங்கள். இருந்திருந்தால், அந்த அனுமதி இரத்தாகும்போது வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் 11 இலட்சம் வரை கோரலாம். 2020 இல் 'த ஃபினான்ஸ் கம்பனி'யின் அனுமதி இரத்தானபோது வைப்பாளர்களுக்கு அப்படித்தான், அன்றிருந்த வரம்புக்குள், பணம் கொடுக்கப்பட்டது. உங்கள் விடயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு அறுபது வீதம். அனுமதி பெற்ற எந்த நிறுவனமும் அப்படி வட்டி தருவதில்லை. அனுமதியில்லாத நிறுவனத்துக்குக் காப்புறுதியும் இல்லை.

ஆகவே உங்கள் காசுக்கு நீங்களேதான் வழக்குப் போட வேண்டும். சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள், அப்புறம் மாவட்ட நீதிமன்றம். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம், வாய்ப்பேச்சு மட்டும் என்றால் மூன்று வருடம். அதற்குப் பிறகு கோரிக்கை காலாவதியாகிவிடும். மத்திய வங்கி விசாரிக்கிறது என்பதற்காக இந்தக் காலக்கணக்கு நின்றுவிடாது. மோசடி பற்றிப் பொலிஸில் முறைப்பாடு எழுத மறுத்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 136 ஆம் பிரிவின்படி நீதவானிடம் நேரே முறையிடலாம். வசதி குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

எங்கள் பக்கத்தில் இந்த முகவர்கள் அந்நியராக வருவதில்லை. மச்சான், பக்கத்து வளவு அக்கா, கோயில் சபைக்காரர் என்றுதான் வருகிறார்கள். முகத்துக்கு அஞ்சிச் சனம் பேசாமல் இருக்க, அதற்குள் நிறுவனத்தின் சொத்துகள் வேறு பெயருக்கு மாறிவிடுகின்றன. தயவுசெய்து அந்தத் தாமதம் வேண்டாம்.

சரி, உங்கள் இரண்டாவது பயம். ஆட்களைச் சேர்ப்பதிலேயே பெரும்பாலும் காசு வரும் பிரமிட் திட்டமாக இது இருந்தால், நடத்துவது மட்டுமல்ல, பரப்புவதும் வங்கித்தொழில் சட்டத்தின்படி குற்றம். நீங்கள் தரகு வாங்கியதை மறைக்காதீர்கள். ஆனால் வாக்குமூலம் கொடுக்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் முழுவதையும் சொல்லுங்கள். அந்த இருவரையும் முறைப்பாடு செய்யாமல் தடுக்க வேண்டாம். மனச்சாட்சி உறுத்துகிறதென்று, அவர்கள் காசை நானே தருகிறேன் என்று கடன் எழுதியும் கொடுக்க வேண்டாம்.

புதிய பத்திரம் தருகிறோம் என்று முகவர் வந்து கேட்டாலும் அசல் பற்றுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். பிரதி மட்டும் கொடுங்கள்.